பிரேக்கை நோகடிக்காத ஜிம் கிளார்க்

ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையில் சிர்ன்சைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள ஒரு கல்லறையில், ஜிம் கிளார்க் என்ற பெயருக்குக் கீழே முதலில் பொறிக்கப்பட்டிருப்பது அவர் ஒரு விவசாயி என்பதுதான். ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் இருமுறை உலக வெற்றியாளர் என்பது அதற்கு அடுத்துத்தான் வருகிறது.

எங்கள் வயதில் உள்ளவர்களுக்கு ஷூமேக்கரைத் தெரியும், ஹாமில்டனைத் தெரியும். கிளார்க் அவ்வளவாகத் தெரியாது. எனக்கு அவரை அறிமுகப்படுத்தியவர் என் பெரியப்பா மகன். அண்ணன் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை பணம் கட்டி, சிப்பாங் பந்தயத் தடத்தில் தம் சொந்தக் காரை ஓட்டப் போவார். டயர் காற்றழுத்தத்தைப் பார்த்து நோட்டில் குறிப்பது என் வேலை. அங்கே வருகிற புதியவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள். அண்ணன் மட்டும் பிரேக்கையும் டயரையும் பற்றியே பேசுவார். அந்தப் பேச்சில் அடிக்கடி வந்த பெயர் கிளார்க். அதனால்தான் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

கிளார்க் 1936ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் தேதி ஃபைஃப் வட்டாரத்தில் பிறந்தார். நான்கு அக்காள்மாருக்குப் பிறகு பிறந்த ஒரே தம்பி. அவருக்கு ஆறு வயதானபோது குடும்பம் எடிங்டன் மெயின்ஸ் என்ற பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. ஒரே மகன் என்பதால் பண்ணையும் ஆடுகளும் அவர் பொறுப்பாகும் என்று வீட்டார் நினைத்தார்கள். பந்தயம் என்ற பேச்சே அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் 1956இல் நண்பர் ஒருவரின் சிறிய டிகேடபிள்யூ காரில் முதல் பந்தயம் ஓட்டினார். 1958ஆம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு மறுநாள், பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்தில் லோட்டஸ் நிறுவனத் தலைவர் காலின் சாப்மனுடனேயே மோதி இரண்டாவதாக வந்தார். சாப்மன் அவரைக் கவனித்துவிட்டார். 1960 முதல் இறக்கும் வரை கிளார்க் ஓட்டிய 72 கிராண்ட் பிரீ பந்தயங்களும் லோட்டஸ் கார்களில்தான். 25இல் வென்றார். 1963, 1965 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் அவருக்கே.

அவர் எப்படி ஓட்டினார் என்பதுதான் எனக்கு வியப்பு. வளைவு வரும்போது பிரேக்கை மிருதுவாக அழுத்தி, காரைத் திருப்பத் தொடங்கிய பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காலை எடுப்பார். பந்தயம் முடிந்து காரைப் பிரித்த மெக்கானிக்குகள், அவருடைய பிரேக் பேடுகள் அணி நண்பர்களுடையதைவிடக் குறைவாகத் தேய்ந்திருப்பதைக் கண்டார்கள். டயர்களும் அப்படித்தான். இத்தனைக்கும் எல்லாரையும்விட வேகமாகப் போனவர் அவர்!

இதில் மாயம் ஏதும் இல்லை, படிவம் ஐந்து இயற்பியல் போதும். பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. காலால் பட்டென்று மிதித்தால் காரின் எடையில் பெரும் பங்கு ஒரே நொடியில் முன் டயர்கள் மேல் பாயும். டயருக்கு இருக்கும் பிடிமானம் ஓரளவுதான். அதை நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். கிளார்க்கின் கால் அந்தப் பங்கீட்டைச் சரியாகச் செய்தது.

நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கால் கிடையாது. அதனால் பராமரிப்பை நம்ப வேண்டியிருக்கிறது. சிப்பாங்கில் இரண்டு நீண்ட நேர்ச்சாலைகள், இரண்டின் முடிவிலும் பிரேக்கைக் கடுமையாக மிதிக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது என்பது தர விதி. குறிப்பிட்ட அளவு ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகும். குமிழியை அழுத்தலாம், அதனால் மிதி தரை வரை போகும், கார் நிற்காது. நம் நாட்டு ஈரக் காற்றில் இது விளையாட்டு இல்லை. அண்ணன் ஒவ்வொரு முறையும் போவதற்கு முன் பட்டறையில் ஆயிலை மாற்றி, பேடின் தடிமனைப் பார்த்துவிடுவார். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுவார். நிறுத்திய பிறகு கைப்பிரேக்கை இழுக்கவே மாட்டார். சூடான பேட், தட்டை ஒரே இடத்தில் கவ்விக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக.

கிளார்க்கின் கதைக்கு வருகிறேன். அவரைத் தோற்கடித்தவை பெரும்பாலும் சின்னப் பொருள்கள். 1962இல் கடைசிப் பந்தயத்தில் முன்னணியில் இருந்தபோது ஒரு போல்ட் கழன்று எண்ணெய் ஒழுகியது, பட்டம் போனது. 1964இல் மெக்சிகோவில் முடிவை நெருங்கும் நேரத்தில் மறுபடியும் எண்ணெய்க் கசிவு, மறுபடியும் பட்டம் போனது. அதே 1964இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் முதலிடத்திலிருந்து புறப்பட்டார். டயரின் மேல்ரப்பர் துண்டு துண்டாகப் பிய்ந்து, அந்த அதிர்வில் பின்பக்க சஸ்பென்ஷனே முறிந்தது. மறு ஆண்டு வேறு நிறுவனத்தின் டயர்களுடன் திரும்பிப் போனார். மொத்தம் 200 சுற்றுகளில் 190 சுற்றுகள் முன்னணியில் இருந்து வென்றார். அந்தப் பந்தயத்துக்காகவே மொனாக்கோ கிராண்ட் பிரீயை விட்டுக்கொடுத்திருந்தார்.

1967இல் இத்தாலியின் மோன்சா. எனக்கு மிகவும் பிடித்த பந்தயம் இது. முன்னணியில் போய்க்கொண்டிருந்தவரின் டயரில் காற்று இறங்கியது. உள்ளே வந்து மாற்றிவிட்டுப் போவதற்குள் ஒரு முழுச் சுற்று பின்தங்கிவிட்டார். அந்தச் சுற்றை ஈடுகட்டி, எல்லாரையும் தாண்டி, மீண்டும் முதலிடத்துக்கு வந்தார். கடைசிச் சுற்றில் எரிபொருள் எஞ்சினுக்குச் சரியாகப் போகவில்லை. மூன்றாவதாக முடித்தார். வென்ற கதைகளைவிட இந்தத் தோற்ற கதையைத்தான் அவருடைய ரசிகர்கள் அதிகம் பேசுகிறார்கள், அது நியாயமும்கூட.

1968ஆம் ஆண்டின் முதல் நாளில் தென்னாப்பிரிக்காவில் 25ஆவது வெற்றி. அதுவரை ஃபாங்கியோ வைத்திருந்த 24 வெற்றிகள் என்ற சாதனை முறிந்தது. அடுத்த ஃபார்முலா 1 பந்தயத்துக்கு அவர் இல்லை.

ஏப்ரல் 7ஆம் தேதி ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் தடத்தில், ஃபார்முலா 2 என்ற கீழ்நிலைப் பந்தயம் ஒன்றில் ஓட்டினார். குளிர், ஈரச்சாலை. ஐந்தாவது சுற்றில், காட்டின் நடுவே செல்லும் பகுதியில் கார் திடீரென்று விலகி மரங்களில் மோதியது. தடுப்புச் சுவர் கிடையாது. வயது 32. நொறுங்கிய காரை ஆராய்ந்தவர்கள், பின் வலது டயரில் மெல்ல மெல்லக் காற்று இறங்கியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதிவேகத்தில் சுழலும் டயர், உள்ளே காற்று குறைந்தாலும் சுழற்சியின் விசையால் வட்டமாகவே விரிந்து நிற்கும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. பக்கவாட்டு விசை வந்ததும் அது சரிந்துவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது ஒன்று. டயரின் பேச்சைக் கிளார்க்கைவிட நன்றாகக் கேட்டவர் யாரும் இல்லை. அவருக்கே அது அன்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சக ஓட்டுநர்கள் நடுங்கிப் போனதும் அதனால்தான். அவருக்கே இப்படி என்றால் தங்கள் கதி என்ன என்ற பயம் அவர்களைப் பிடித்தது. இன்றைய ஃபார்முலா 1 கார்களில் டயர் அழுத்தத்தை ஓடும்போதே அறிவிக்கும் கருவிகள் உண்டு. சிப்பாங்கில் நாங்கள் பார்க்கும் பழைய கார்கள் பலவற்றில் அது கிடையாது. அங்கே ஓட்டம் முடிந்து வந்ததும் நான்கு டயர்களின் அழுத்தத்தையும் சூட்டோடு அளப்போம். நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோல ஏறியிருக்க வேண்டும். மூன்று ஏறி ஒன்று மட்டும் பின்தங்கினால் அந்தக் கார் மறுபடி தடத்துக்குப் போகாது. ஆணி, வால்வு, உட்பக்கச் சுவரில் வெட்டு என்று ஒவ்வொன்றாகத் தேடுவோம். உட்பக்கத்தைப் பார்க்கக் கீழே படுக்க வேண்டும். பலர் சோம்பல் படுவது அங்கேதான்.

ஹாக்கன்ஹைமின் காட்டுப் பாதையை 2002இல் பெயர்த்தெடுத்து அந்த இடத்தில் மரங்களை நட்டுவிட்டார்கள். கிளார்க்குக்கு அங்கே ஒரு நினைவுக் கல் இருக்கிறது.