வீட்டை எரித்த குயவர்

நெடுங்காடு, காரைக்கால் வட்டாரத்தை 1954 வரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் மறவாமல் போற்றும் மண்பாண்டக் கலைஞர் பெர்னார்டு பாலிசி. சுமார் 1510-ல் பிறந்தவர். கண்ணாடியில் ஓவியம் தீட்டிப் பிழைத்தார்.

ஒரு நாள் ஒரு கிண்ணத்தைப் பார்த்தார். மண் கிண்ணம்தான். ஆனால் அதன்மேல் பால்போல் வெள்ளைப் பளபளப்பு! அதுபோல் செய்தே தீருவது என்று உறுதி பூண்டார்.

எரிந்தது மேஜை!

சுமார் 16 ஆண்டுகள் சூளையே கதி. கையிருப்பு கரைந்தது. குடும்பம் வாடியது. ஒருமுறை, பூச்சு உருகவேண்டிய நேரத்தில் விறகு தீர்ந்துவிட்டது. தோட்டத்துக் கம்புகளைப் பிடுங்கிப் போட்டார். போதவில்லை. மேஜையை உடைத்தார். வீட்டின் தரைப் பலகைகளையும் பெயர்த்தார். எல்லாம் சூளைக்குள் போயின! பைத்தியம் என்று ஊர் சிரித்தது. கள்ளக் காசு அடிப்பதாகவும் கதை கட்டியது.

தட்டில் கடல்!

கடைசியில் வென்றார். அவருடைய தட்டுகளில் மீன், நண்டு, சிப்பி, தவளை எல்லாம் உயிருள்ளவைபோல் இருந்தன. நிஜப் பிராணிகளை வைத்தே அச்சு எடுத்தார். ராணி காத்தரீன் பாரிசில் அரண்மனைத் தோட்ட வேலை கொடுத்தார்.

ஆனால் மதத்தை விட மறுத்ததால் சிறை! சுமார் 80 வயதில், பாஸ்டீல் சிறையிலேயே மாண்டார். அவர் கைவண்ணத்தை இன்றும் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் காணலாம்.

அளவுமீறிப் பிடித்ததால் சில கடல் இனங்கள் அற்றுப்போயின என்று 1580-லேயே எழுதியவர் அவர். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காக வெட்டப்பட்ட பவளப்பாறைகளை நினைத்தால், அந்தக் குயவரின் எச்சரிக்கை எவ்வளவு உண்மை என்பது விளங்கும்.