பட்டப்பகலில் பிளாஷ் அடித்த டியான் ஆர்பஸ்

டியான் ஆர்பஸ் 1923இல் நியூயோர்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். கணவரோடு செய்த பேஷன் படத்தொழிலை 1956இல் விட்டுவிட்டுத் தெரு மனிதர்களைப் படமெடுக்கப் போனார். 1962 அளவில் 120 பிலிம் போடும் றோலிபிளெக்ஸ் கமராவுக்கு மாறினார். அதன் ஷட்டர் லென்சுக்குள்ளேயே இருப்பதால் 1/500 செக்கனிலும் பிளாஷ் ஒத்துப்போகும், வெயிலிலும் பாவிக்கலாம். மற்றவர்கள் கண்குழி நிழலை நிரப்ப மெல்லமாகத்தான் அடிப்பார்கள். இவர் ஒளிவுமறைவில்லாமல் அடித்தார். 1967இல் போர் ஆதரவு ஊர்வலத்துக்குக் காத்துநின்ற தொப்பிப் பையனின் படத்தைப் பாருங்கள்.

பத்துப் படங்கள் கொண்ட பெட்டியொன்றை 1000 டொலருக்கு விற்கப் பார்த்தார். அவர் உயிரோடு இருந்தபோது விற்றவை நான்கே பெட்டிகள். கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்த நான்குதான் உறுத்துகிறது. 1971இல், 48 வயதில், தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த வருடம் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் அவருடைய படங்களைப் பார்க்கச் சனம் திரண்டது.