8 மணி நேர வேலை கேட்ட மில் முதலாளி: யார் இந்த ராபர்ட் ஓவன்?

ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்ற கோரிக்கையை முதலில் எழுப்பியவர்களில் ஒருவர், பஞ்சாலை நடத்திய ஒரு முதலாளி. தொழிற்புரட்சி பிரிட்டனையே புரட்டிப்போட்ட காலத்தில் வாழ்ந்த ராபர்ட் ஓவன்தான் அவர்.

கடைப் பையன் டு முதலாளி

1771-ல் வேல்ஸில் உள்ள நியூடவுனில் பிறந்தார். அப்பா குதிரைச் சேணம் செய்பவர். 10 வயசிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பி துணிக்கடை வேலைக்குப் போனார். 20 வயசு வாக்கில், மான்செஸ்டரில் சுமார் 500 பேர் வேலை பார்த்த ஆலைக்கு மேனேஜர்! பிறகு மாமனார் டேவிட் டேலின் நியூ லானார்க் ஆலையைக் கூட்டாளிகளோடு சேர்ந்து வாங்கினார். ஸ்காட்லாந்தில் இருந்த அந்த ஆலையின் பொறுப்பை 1800-ல் ஏற்றார்.

அங்கே என்ன மாற்றினார்?

அப்போது ஆலைகளில் 5, 6 வயசுக் குழந்தைகள்கூட நாள் முழுக்க உழைத்தார்கள். நியூ லானார்க்கிலேயே ஆதரவற்றோர் விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சுமார் 500 குழந்தைகள் இருந்தார்கள். அப்படி ஆள் எடுப்பதை ஓவன் நிறுத்தினார். 10 வயசுக்குக் கீழே வேலை கிடையாது, பள்ளிக்கூடம்தான். பெரியவர்களுக்கும் வேலை நேரத்தைக் குறைத்தார். அமெரிக்கப் பஞ்சு வராமல் ஆலை சில மாதங்கள் நின்றபோதும் முழுச் சம்பளம் கொடுத்தார்.

லாபம் போச்சா? இல்லை, ஆலை நல்ல லாபத்தில்தான் ஓடியது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒவ்வொரு தொழிலாளி அருகிலும் நாலு நிறம் பூசிய மரக்கட்டை ஒன்று தொங்கும். முந்தின நாள் மோசம் என்றால் கறுப்பு, சிறப்பு என்றால் வெள்ளை. இன்றைய பெர்ஃபாமன்ஸ் ரேட்டிங்குக்குத் தாத்தா என்றே சொல்லலாம்! எல்லாமே முதலாளி கையில்தான் இருந்தது.

சட்டம் வந்ததா?

ஒரு ஆலை மாறினால் போதுமா? குழந்தைத் தொழிலாளர்களுக்காக ஓவன் 1815 முதல் சட்டம் கேட்டுப் போராடினார். 1819-ல் வந்த சட்டம் ரொம்பவே நீர்த்துப்போயிருந்தது. பஞ்சாலைகளுக்கு மட்டும்தான் பொருந்தும். 9 வயசு ஆனவர்களுக்கே 12 மணி நேர வேலை. சோதிக்கத் தனி அதிகாரியும் இல்லை. ஆய்வாளர்கள் வந்தது 1833 சட்டத்தில்தான்.

தோல்விகளும் மிச்சமும்

1825-ல் அமெரிக்காவின் இண்டியானாவில், சொத்து எல்லாருக்கும் பொது என்ற கனவோடு நியூ ஹார்மனி என்ற சமூகக் குடியிருப்பைத் தொடங்கினார். சில வருஷங்களிலேயே அது கலைந்தது. அவர் சொத்தில் பெரும்பகுதி போச்சு. 1834-ல் அவர் முன்னின்ற மாபெரும் தொழிற்சங்கமும் சீக்கிரமே சிதறியது.

ஆனால் யோசனை சாகவில்லை. 1844-ல் ராக்டேல் என்ற ஊரில் நெசவாளர்கள் உள்ளிட்ட தொழிலாளர்கள் காசு சேர்த்து, தாங்களே முடிவெடுத்து நடத்தும் கூட்டுறவுக் கடையைத் திறந்தார்கள். நியூ லானார்க்கில் முதலாளி நடத்திய மலிவு விலைக் கடை, இங்கே தொழிலாளிகளின் சொந்தக் கடையானது.

1858-ல், பிறந்த ஊரிலேயே ஓவன் இறந்தார். 61 வருஷம் கழித்து, 1919-ல், சர்வதேச தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே தொழிற்சாலைகளுக்கு 8 மணி நேர வேலையை வரையறுத்தது. ஒரு முதலாளியின் நல்ல மனசு நியூ லானார்க்கோடு நின்றது. அதைத் தாண்டிப் போக சங்கமும் சட்டமும் தேவைப்பட்டன.