பாஸ்கலும் காற்றின் பாரமும்

காற்றுக்குப் பாரம் உண்டென்பதை மலையுச்சியில் நிரூபித்துக் காட்டிய பிளேஸ் பாஸ்கலின் பெயர், 1971-ஆம் வருஷம் முதல் அழுத்தத்தின் சர்வதேச அளவைக்குரிய பெயராக வழங்கி வருகிறது. ஆயினும் மோட்டார் சக்கரத்துக்குக் காற்றடிப்பவர் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிறார். வைத்தியரோ இரத்த அழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டரில் உரைக்கிறார். யந்திரசாலைகளில் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று காட்டும் மானிகளும் உள. ஒரே பொருளை இத்தனை பாஷைகளில் பேசும்போது மாற்றுக் கணக்கில் பிழை நேருமாயின் பாய்லர் வெடிக்கவுங் கூடும். இத்தகைய கணக்கின் தொல்லையைப் பாஸ்கல் இளமையிலேயே நன்கறிந்திருந்தார்.

அவர் 1623-ஆம் வருஷம் ஜூன் மாதம் 19-ந் தேதி பிரெஞ்சு தேசத்துக் கிளேர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்த அவருக்குத் தந்தையே ஆசிரியருமானார். பதினாறாம் வயதில் கூம்பின் வெட்டுருவங்களைப் பற்றி அவர் எழுதிய வியாசம் வித்வான்களைத் திகைக்க வைத்தது. தந்தைக்கு ரூவான் நகரில் வரிக்கணக்கை மேற்பார்க்கும் உத்தியோகம். அந்நாட்டில் அப்பொழுது 12 தெனியே ஒரு சோல். 20 சோல் ஒரு லீவர். 1957-க்கு முன் ரூபாய், அணா, பை என்று கூட்டிக் கழித்துச் சலித்த நம் தேசத்தார்க்கு இத்துன்பத்தை விளக்க வேண்டுவதில்லை. தந்தை இரவெல்லாம் கண்விழித்துக் கணக்கிடுவதைக் கண்டு மனம் பொறாத மைந்தர், 1642-இல் ஒரு கணித யந்திரத்தை அமைக்கத் தொடங்கினார். தெனியேயின் சக்கரத்துக்கு 12 பிரிவு, சோலின் சக்கரத்துக்கு 20, ஏனையவற்றுக்குப் பத்து. ஒரு சக்கரம் நிரம்பியதும் அடுத்தது தானே ஒன்று நகரும். நில அளவைகளுக்கேற்ற வேறொரு வகையும் உண்டாயிற்று.

1646-இல் இத்தாலிய சாஸ்திரி டாரிசெல்லியின் சோதனை ரூவானில் செய்து காட்டப்பட்டது. பாதரசம் நிரம்பிய கண்ணாடிக் குழாயைப் பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தினால், அது சிறிது இறங்கிப் பின் நின்றுவிடுகிறது. அதைத் தாங்குவது யாது? இயற்கை வெறுமையை வெறுக்கிறது என்பது பழைய பண்டிதர் கூற்று. வெளியே உள்ள காற்றின் பாரமே தாங்குகிறதென்றால், மலைமீது காற்றுக் குறைவாதலின் பாதரசமும் தாழ வேண்டுமன்றோ? தேக அசௌக்கியத்தால் தாமே செல்லவியலாத பாஸ்கல், தமக்கையின் கணவர் பெரியேயை வேண்டிக்கொண்டார்.

1648-ஆம் வருஷம் செப்டம்பர் 19-ந் தேதி கிளேர்மோன் மடத்துத் தோட்டத்தில் பாதரசம் 26 அங்குலம் 3½ லீன் நின்றது. ஒரு குழாயை அங்கேயே ஒரு துறவியின் காவலில் வைத்துவிட்டு, மற்றொன்றுடன் பெரியே பூய் டி டோம் மலைமீது ஏறினார். உச்சியில் 23 அங்குலம் 2 லீன்! இடம் மாற்றி மாற்றி ஐந்து முறை பார்த்தும் அதுவே. கீழிருந்த குழாயோ நாள் முழுதும் அசையவில்லை. நியாயஸ்தலத்தில் இதைவிடப் பலமான சாக்ஷியத்தை யாம் கண்டதில்லை. மேலே நிகழ்ந்த மாறுதல் அன்றைய வானிலையால் வந்ததென்று வாதிக்க இடமே இல்லாமற் போயிற்று.

வித்தியாசம் 3 அங்குலம் 1½ லீன். பழைய பிரெஞ்சு அங்குலம் சுமார் 27.07 மில்லிமீட்டர், அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு லீன். ஆகவே வித்தியாசம் 84.6 மில்லிமீட்டராகிறது. ஒரு மில்லிமீட்டர் பாதரசம் 133.3 பாஸ்கலாதலின், பெருக்கினால் ஏறக்குறைய 11,300 பாஸ்கல். அதையே ஒரு பவுண்டு அழுத்தத்துக்குரிய 6,895-ஆல் வகுத்தால் சதுர அங்குலத்துக்குச் சுமார் 1.6 பவுண்டு. எண்கள் எத்தனை வேஷம் பூண்டாலும் மலை அதே மலைதான்.

பாஸ்கல் என்பது மிகச் சிறிய அளவை. மேஜைமேற் கிடக்கும் ஒரு காகிதம் அதற்குச் சற்றுக் குறைவாகவே அழுத்துகிறது. ஒரு வாயுமண்டல அழுத்தம் 1,01,325 பாஸ்கல். ஒரு பார் 1,00,000. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது 98,066.5. மூன்றும் அருகருகே இருத்தலால் ஒன்றென மயங்குவோர் பலர். அதனினும் பெரிய மயக்கம் வேறொன்று. சக்கரத்து மானி பூஜ்யம் காட்டும்போதும் உள்ளே ஒரு வாயுமண்டல அழுத்தம் இருக்கவே செய்கிறது. மானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேற்பட்ட மிகுதியை மாத்திரமே. சாஸ்திரக் கணக்குக்கு இரண்டையுங் கூட்ட வேண்டும். அளவையைச் சரியாக மாற்றியும் இதை மறந்தவரின் விடை முழுதும் பிழையாகும்.

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அவ்வழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்ற விதியையும் பாஸ்கலே நிலைநாட்டினார். மோட்டார் வண்டிகளின் பிரேக்கில் வேலை செய்வது இவ்விதியே. 1654 நவம்பரில் ஓரிரவு அவருக்கு ஏற்பட்ட தெய்வானுபவத்துக்குப் பின் மனம் பெரும்பாலும் சமயத்தில் ஆழ்ந்தது. எனினும் லோகோபகாரத்தை அவர் துறந்தாரில்லை. 1662 மார்ச்சில் பாரிஸ் நகரில் தலைக்கு ஐந்து சோல் கட்டணத்தில் ஓடத் தொடங்கிய பொது வண்டிகள் அவரது யோசனையே. அவ்வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி, முப்பத்தொன்பதாம் வயதில், அவர் காலமானார். திரவங்களின் சமநிலையையும் காற்றின் பாரத்தையும் பற்றி அவர் எழுதி வைத்திருந்த நூல்களை, குழாயுடன் மலையேறிய அதே பெரியே 1663-இல் அச்சிட்டு வெளியிட்டார்.