காலப் பிழையை வென்ற தச்சர்: ஜோன் ஹரிசன் (1693 – 1776)

மாணவர்களே, நமது மணிக்கூடு நான்கு நிமிடம் பிந்தினால் பஸ் தவறும், அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டின் மாலுமிக்கோ அந்த நான்கு நிமிடம் உயிர்ப் பிரச்சினையாகும். ஏன் எனப் பார்ப்போம்.

பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுழல்கின்றது. எனவே 1 பாகை சுழல 4 நிமிடம் செல்லும். நடுக்கடலில் சூரியன் உச்சிக்கு வரும் வேளையைக் கொண்டு அவ்விடத்து நேரத்தை அறியலாம். புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தையும் ஒரு மணிக்கூடு சரியாகக் காட்டுமாயின், இரண்டினதும் வித்தியாசத்திலிருந்து நெடுங்கோட்டைக் கணிக்கலாம். மணிக்கூடு 4 நிமிடம் பிழைத்தால், மத்திய கோட்டுக்கு அருகில் கப்பலின் இடம் ஏறத்தாழ 111 கிலோமீற்றர் பிழைத்துவிடும்.

1707இல் தமது இடத்தைப் பிழையாகக் கணித்த பிரித்தானியக் கடற்படையின் 4 கப்பல்கள் சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1714இல் பிரித்தானியப் பாராளுமன்றம், நெடுங்கோட்டை அரைப் பாகைக்குள் சரியாகக் காணும் வழிக்கு 20,000 பவுண் பரிசு அறிவித்தது. கப்பலின் ஆட்டமும் வெப்பமும் குளிரும் எந்த மணிக்கூட்டையும் குழப்பிவிடும் என்பதால், நியூட்டன் போன்ற அறிஞரும் மணிக்கூட்டில் நம்பிக்கை வைக்கவில்லை.

ஹரிசன் 1693இல் இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பல்கலைக்கழகம் சென்றவரல்லர். தந்தையின் தொழிலையே கற்று, 1713இல் பெரும்பாலும் மரத்தாலான பாகங்களைக் கொண்டு தமது முதல் மணிக்கூட்டைச் செய்தார்.

வெப்பத்தில் ஊசலின் கோல் நீள, மணிக்கூடு பிந்துவதை அவர் கவனித்தார். பித்தளை உருக்கைவிடக் கூடுதலாக விரியும். இவ்விரு உலோகக் கோல்களையும் ஒன்றின் விரிவை மற்றையது ஈடுசெய்யுமாறு பொருத்தி, நீளம் மாறாத ஊசலை ஆக்கினார். பின்னர் இரு மணிக்கூடுகளை வெப்பநிலை வேறுபட்ட அறைகளில் ஓடவிட்டு ஒன்றோடொன்று ஒப்பிட்டார். அயல்வீட்டுப் புகைபோக்கியின் பின்னே விண்மீன் மறையும் கணத்தையும் இரவுதோறும் குறித்தார். விண்மீனே அவரது அளவுகோல்.

அவரது முதலாவது கடல் மணிக்கூடு 1736இல் லிஸ்பனுக்குச் சென்று வந்தது. குறைகளைத் தாமே கண்டு, மேலும் இரண்டை அமைத்தார். மூன்றாவதற்கு மாத்திரம் ஏறத்தாழ 19 ஆண்டுகள் சென்றன. 1759இல் முடிவுற்ற நான்காவது, 13 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பெரிய பைக்கடிகாரம் போன்றது. 1761இல் மகன் வில்லியம் அதனை யமேக்காவுக்குக் கொண்டு சென்றார். அதன் வழமையான நாளாந்தப் பிந்துகையைக் கழித்துப் பார்க்க, 81 நாட்களில் பிழை ஏறத்தாழ 5 செக்கன் மாத்திரமே.

ஆயினும் நெடுங்கோட்டுச் சபை திருப்தியடையவில்லை. அந்த நாளாந்தப் பிந்துகை முன்னரே அறிவிக்கப்படவில்லை என்றது. 1764இல் பார்படோசுக்குச் சென்ற இரண்டாவது சோதனையிலும் மணிக்கூடு வென்றது. அதன் பின்னரும் பாதித் தொகையே கிடைத்தது. முதுமையடைந்த ஹரிசன் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரிடம் முறையிட்டார். 1772இல் மன்னர் அவரது ஐந்தாவது மணிக்கூட்டைத் தாமே சோதித்தார். 1773இல் பாராளுமன்றம் 8,750 பவுண் வழங்கியது. அப்போது அவருக்கு வயது 80. மூன்று ஆண்டுகளின் பின் இலண்டனில் காலமானார்.

இங்கு மாணவர் கருத்திற் கொள்ளவேண்டியது யாதெனில், தினமும் ஒரே அளவு பிந்தும் மணிக்கூடு கெட்டதன்று, அப்பிழையைக் கழித்துவிடலாம். இன்று 2 செக்கன், நாளை 7 செக்கன் எனத் தடுமாறும் மணிக்கூடே ஆபத்தானது.

இன்றைய லேசர்களிலும் இதே பிரச்சினை உண்டு. அதிவேக லேசர் ஒளியைச் சீரான துடிப்புகளாக வெளிவிடுகின்றது. ஒவ்வொரு துடிப்பும் உரிய கணத்திலிருந்து சற்று முந்தும் அல்லது பிந்தும். இத்தடுமாற்றம் செக்கனின் கோடி கோடியில் ஒரு பங்கிலும் சிறிதாக இருக்கலாம். சாதாரண கருவிகள் இதனை உணரா. எனவே ஒரு லேசரை அதனையொத்த இன்னொரு லேசருடன் ஒப்பிட்டு அளக்கும் முறையும் கையாளப்படுகின்றது. இத்தகைய லேசர்களிலிருந்து பெறப்படும் ஒளி மீடிறன் சீப்பு, மிகத் திருத்தமான அணு மணிக்கூடுகளில் ஒளியின் அதிர்வுகளை எண்ண உதவுகின்றது. இந்நுட்பத்தின் விருத்திக்கு உதவிய ஜோன் ஹோல், தியோடர் ஹென்ஷ் ஆகியோர் 2005இல் பௌதிகவியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இரு அறைகளில் இரு மணிக்கூடுகளை வைத்து ஹரிசன் செய்த ஒப்பீட்டின் தத்துவமே இங்கும் பயன்படுகின்றது.

பயிற்சி வினாக்கள்
1. மணிக்கூடு 2 நிமிடம் பிழைத்தால் நெடுங்கோடு எத்தனை பாகை பிழைக்கும்?
2. ஊசலில் இரு உலோகங்களை ஹரிசன் பயன்படுத்தியமைக்குக் காரணம் தருக.
3. ஒழுங்கான பிழை, ஒழுங்கற்ற பிழை ஆகியவற்றை உதாரணத்துடன் வேறுபடுத்துக.