டேப்லெட்டின் பின்பக்க ‘ஆர்’ எண்ணுக்கும் ஜகதீஷ் சந்திர போஸுக்கும் என்ன தொடர்பு?

திண்டுக்கல்லில் பூட்டு வாங்குகிறவர்கள் சாவியைப் போட்டு இரண்டு தடவை திருப்பி, கொண்டியை ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுப்பார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டுதான். ஆனாலும் கையால் இழுத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

அதே ஊரில், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மொபைல் கடைக்குப் போய் பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு டேப்லெட் வாங்குகிறோம். இப்போ எதை இழுத்துப் பார்ப்பது? வைஃபை அலை கண்ணுக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் மின்சுற்று எவ்வளவு சூடாகும் என்று கடை வாசலில் நின்று கண்டுபிடிக்க முடியாது. நமக்குப் பதிலாக வேறு யாராவது ஏற்கெனவே சோதித்திருக்க வேண்டும்.

அந்தச் சோதனையின் அடையாளம்தான், டேப்லெட்டின் பின்பக்கத்திலோ பெட்டியிலோ ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தோடு இருக்கும் எட்டு இலக்க எண். இது என்ன என்று புரிந்துகொள்ள, 1937-ல் மறைந்த ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை ஒருமுறை புரட்டினால் போதும். அவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

சம்பளம் வாங்காத பேராசிரியர்

1858 நவம்பர் 30-ல், இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார் போஸ். அப்பா பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரி. பிள்ளை முதலில் தாய்மொழியில் படிக்க வேண்டும் என்று வங்காளப் பள்ளிக்கு அனுப்பினார். பிறகு கொல்கத்தா, அதன் பின் லண்டன், கேம்பிரிட்ஜ். அங்கே இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர் லார்டு ராலே. இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் மறுபடி வரும்.

1885-ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலை கிடைத்தது. இந்தியத் தந்திச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். ஆனால் ஆங்கிலேயப் பேராசிரியருக்கு ஒரு சம்பளம், அதே வேலை பார்க்கும் இந்தியருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்துவிட்டார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, மூன்று ஆண்டுகள் இப்படியே பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து, முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு கொடுத்தது.

இதற்கிடையே 1887-ல் திருமணம். மனைவி அபலா போஸுக்கு நம்ம ஊர் தொடர்பு உண்டு. அந்தக் காலத்தில் பெண்கள் மருத்துவம் படிக்க வங்காளத்தில் வழியில்லாததால், 1882-ல் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர் அவர். உடல்நிலை காரணமாகப் படிப்பை முடிக்க முடியவில்லை. பின்னாளில் பெண் கல்விக்காக நிறைய வேலை செய்தார்.

குளியலறைப் பக்கத்தில் ஒரு ஆய்வகம்

1894 வாக்கில் போஸ் ரேடியோ அலை ஆராய்ச்சியில் இறங்கினார். ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி அந்த அலைகள் இருப்பதை ஏற்கெனவே நிரூபித்திருந்தார். ஆனால் அவை நீளமான அலைகள். அவற்றின் குணங்களை அளக்கப் பெரிய பெரிய கருவிகள் தேவைப்பட்டன. போஸிடம் இருந்ததோ குளியலறையை ஒட்டிய ஒரு குட்டி அறை. கருவி செய்ய உதவியவர் உள்ளூர் தகர வேலைக்காரர்.

அதனால் போஸ் வேறு மாதிரி யோசித்தார். அலையையே சின்னதாக்கினால் கருவியும் சின்னதாகுமே! சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உருவாக்கினார். இன்றைய கணக்கில் அது 60 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். டேப்லெட்டில் இருக்கும் சாதாரண வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. 2022-ல் இந்தியா 5ஜி-க்காக ஏலம் விட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, போஸ் அந்தக் குட்டி அறையில் தொட்டுப் பார்த்த எல்லைக்குள்தான் வருகிறது.

கொல்கத்தா டவுன் ஹாலில் ஊர் கூடிப் பார்க்க ஒரு செயல்விளக்கமும் நடத்தினார். அவர் அனுப்பிய அலை சுவர்களைத் தாண்டிப் போய் மணியை அடித்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது. மார்கோனி உலகப் புகழ் பெறுவதற்கு முந்தைய கதை இது.

இன்றைய சோதனைக் கூடத்தில் போஸ் எங்கே இருக்கிறார்?

போஸுக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. அலையை உண்டாக்கும் கருவியிலிருந்து கசியும் தேவையில்லாத அலைகள், அளக்கும் கருவியைக் குழப்பின. அவர் கண்ட தீர்வு எளிமையானது. அலை உண்டாக்கும் கருவியை உலோகப் பெட்டிக்குள் அடைத்து, ஒரு குழாய் வழியாக மட்டும் அலையை வெளியே விட்டார். அலையைப் பிடிக்க, வாய் அகன்ற புனல் மாதிரி ஒரு கருவியையும் பயன்படுத்தினார்.

இப்போ சென்னை தரமணியில் இருக்கும் ‘சமீர்’ போன்ற மின்காந்தச் சோதனைக் கூடங்களுக்கு வருவோம். அங்கே சோதனை நடப்பது, வெளி அலை உள்ளே நுழையாதபடி உலோகத்தால் மூடிய அறையில். உள்சுவர் முழுக்க அலையை உறிஞ்சும் கூம்புகள். நடுவில் மேஜைமேல் சோதிக்க வேண்டிய கருவி. எதிரே, 1 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளை அளக்க ஒரு ஹார்ன் ஆன்டெனா. அது போஸின் அந்தப் புனலின் வாரிசு.

ஒரு டேப்லெட் இந்தியாவில் விற்பனைக்கு வர முக்கியமாக இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும்.

முதல் கதவு, இந்தியத் தர நிர்ணய அமைவனம் எனும் பிஐஎஸ். 2012-ல் வந்த கட்டாயப் பதிவு ஆணையின் பட்டியலிலேயே லேப்டாப்போடு டேப்லெட்டும் இடம்பெற்றது. மின் அதிர்ச்சி, அதிக வெப்பம், தீப்பிடிக்கும் ஆபத்து ஆகியவற்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் சோதிக்கும். தேறினால்தான் அந்த ‘ஆர்’ எண்.

இரண்டாவது கதவு, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு. வைஃபை, ப்ளூடூத் பயன்படுத்த நமக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் கருவிக்கு அனுமதி தேவை. சொன்ன அலைவரிசையில்தான் பேசுகிறதா, சொன்ன சக்தியைத் தாண்டாமல் இருக்கிறதா என்ற ஆய்வக அறிக்கை அதற்கு அடிப்படை.

இதோடு ‘சார்’ என்ற அளவையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடல் உறிஞ்சும் ரேடியோ ஆற்றலின் அளவு அது. மொபைல் போன்களுக்கு 2012 செப்டம்பர் முதல் இந்தியாவில் உச்சவரம்பு, ஒரு கிராம் திசுவின் சராசரியில் கிலோவுக்கு 1.6 வாட்.

சோதித்தவரையே சோதித்தார்கள்

1904-ல் போஸுக்கு அமெரிக்கக் காப்புரிமை ஒன்று கிடைத்தது. அவருக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் வாங்கியது. அதை வைத்து அவர் காசு பார்க்கவும் இல்லை. அதற்கு முன்பே அவர் கவனம் செடிகள் பக்கம் திரும்பியிருந்தது. 1917-ல் கொல்கத்தாவில் போஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். செடியின் வளர்ச்சியைப் பல லட்சம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியையும் உருவாக்கினார்.

பிரிட்டனில் பலருக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு துல்லியமாக ஒரு கருவியால் அளக்க முடியுமா? அது காட்டுவது செடியின் வளர்ச்சிதானா, வேறு ஏதாவதா? அகஸ்டஸ் வாலர் என்ற உடலியல் விஞ்ஞானி வெளிப்படையாகவே சந்தேகம் கிளப்பினார்.

போஸுக்கு வயது அப்போது 61. ‘சர்’ பட்டம் வாங்கிவிட்டார், உலகமெங்கும் பெயர். கோபித்துக்கொண்டு கப்பல் ஏறியிருக்கலாம். ஆனால் 1920 ஏப்ரலில், லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் சக விஞ்ஞானிகள் முன்னால் கருவியை வைத்து இயக்கிக் காட்டினார். பார்த்தவர்கள், கருவி வளர்ச்சியைச் சரியாகவே காட்டுகிறது என்று ‘தி டைம்ஸ்’ நாளிதழில் கையெழுத்துப் போட்டு அறிவித்தார்கள். அதில் ஒரு கையெழுத்து லார்டு ராலேயுடையது. ஆசிரியர் முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். இவர் அவருடைய மகன். அதே 1920-ல் ராயல் சொசைட்டி போஸைத் தன் உறுப்பினராக்கியது.

ஆனா இந்தக் கதையில் இன்னொரு பாதியும் இருக்கு. செடிகளுக்கும் விலங்குகளைப் போன்ற நரம்பு மண்டலம் இருக்கிறது என்ற போஸின் விளக்கத்தை எல்லா விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை. கருவி சரியாக அளக்கிறது என்று கிடைத்த சான்று, அவர் சொன்ன எல்லாமே சரி என்பதற்கான சான்று ஆகவில்லை.

சரி, நாம என்ன செய்யணும்?

டேப்லெட்டுக்கும் இதே கணக்குதான். ‘ஆர்’ எண் இருந்தால், கொடுக்கப்பட்ட மாதிரி குறிப்பிட்ட சோதனைகளில் தேறியது என்று அர்த்தம். பேட்டரி நாள் முழுக்க நிற்கும், கேமரா நல்லா இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

எண் அச்சாகியிருந்தால் மட்டும் போதாது, ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்க. நிறுவனம், பிராண்டு, பொருள் என்ன என்று காட்டும். பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகவில்லை என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ஒரு நிமிட வேலைதான்.

1937 நவம்பர் 23-ல் கிரிடியில் காலமானார் போஸ். அவருடைய ரேடியோ சோதனைகளை 2012-ல் ஐஇஇஇ என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பு, தொழில்நுட்ப வரலாற்றின் மைல்கல்லாக அங்கீகரித்தது. டேப்லெட் இந்தியாவின் கட்டாயப் பதிவுப் பட்டியலில் ஏறியதும் அதே 2012-ல்தான்.