யாமம் எண்ணிய மாலுமி

அரபுக் கடலோடிகளுள் தலைசிறந்தவராகப் போற்றப்பெறுபவர் அகமது இப்னு மாஜித். இன்றைய ராஸ் அல் கைமாவை அடுத்திருந்த ஜுல்ஃபார் துறைமுகத்தில், கி.பி. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் செங்கடலை நன்கறிந்த முஅல்லிம்கள். அவ்வரபுச் சொல்லே நம் நாவில் 'மாலுமி' ஆயிற்று என்பர் மொழிநூலார்.

கரை மறைந்தபின் காலமே கடலோடிக்கு வழிகாட்டி. இரவும் பகலும் கூடிய ஒரு நாளை அவர்கள் எட்டு 'ஸாம்'களாகப் பகுத்தனர். ஒரு ஸாம் மூன்று மணி நேரம். அந்நேரத்தில் மரக்கலம் கடக்கும் தொலைவுக்கும் அதுவே பெயர். நேர் வடக்கே எட்டு ஸாம் ஓடினால் துருவ விண்மீன் ஒரு விரற்கடை உயரும் என்பது கணக்கு. அவ்வுயரத்தை நீட்டிய கையின் விரலாலோ, முடிச்சிட்ட கயிறு கோத்த மரப்பலகையாலோ அளந்தனர். நம் யாமமும் மூன்று மணியே, நாளுக்கு எட்டே. ஒலியும் அளவும் ஒருங்கே ஒத்திருத்தல் ஆராயத்தக்கது.

ஹிஜ்ரி ஆண்டு பிறைவழிச் செல்வது. பருவக்காற்றோ கதிரவன்வழி வீசுவது. ஆதலின் கப்பல் புறப்படும் நாளை நைரூஸ் என்னும் பாரசீகப் புத்தாண்டு முதலாக எண்ணினர். இத்தகைய கணக்குகளை இப்னு மாஜித் 1462இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளில் பாடினார். 1490 அளவில் 'கிதாபுல் ஃபவாயித்' என்னும் உரைநடைப் பெருநூலாக விரித்தார்.

இத்துணைப் பெரியார் வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவராகவே பலர்க்கும் அறிமுகம். யானும் வகுப்பறையில் அவ்வாறு கற்பித்ததுண்டு. பதினாறாம் நூற்றாண்டின் மக்கா வரலாற்றாசிரியர் நஹ்ரவாலீ எழுதிய செய்தி அது. மது மயக்கத்தில் வழி சொன்னார் என்ற பழியும் அதிலேயே உண்டு. ஆனால், 1498இல் மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்குக் கப்பல் செலுத்தியவர் குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்கின்றன போர்த்துகீசிய வரலாறுகள். அவரை 'மாலெமோ கனகா' எனக் குறிக்கின்றன. முன்னது முஅல்லிம், பின்னது கணிதர் எனப் பொருள்படும் 'கணக' என்பர். இயற்பெயரன்று, தொழிற்பெயரே. இப்னு மாஜித் அப்போது முதுமை எய்தியிருந்தார். ஆய்வாளர் பலரும் அப்பழியை இன்று ஏற்பதில்லை.

கி.பி. 1500 அளவில் அவர் இயற்றிய பாடலுக்குப் பின் அவரைப் பற்றிய செய்தி கிட்டவில்லை.